ஓரோசோமுக்காய்டின் இரண்டாவது கோடு

ஜெசிந்தா மேடையேறி மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்ட விதமே மங்கையர்க்கரசிக்குப் பிடிக்கவில்லை. ஒரே திருகு, அவ்வளவுதான். தட்டிப் பார்க்கவில்லை, ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை சொல்லவில்லை, மைக்கும் வாலைச் சுருட்டிக்கொண்டு சொன்னபடி கேட்டது. இதே அரங்கத்தில் இதே மைக்கோடு பத்தொன்பது வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் மங்கை. அவள் கிட்டே போனாலே அது கீச்சென்று கத்தும், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், எலக்ட்ரீஷியன் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஓடி வருவார். ஓர் இரும்புக் கம்பிக்குக்கூட ஜெசிந்தாவைப் பிடித்திருக்கிறதே என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் வெட்கமாக இருந்தது, நாற்பத்தொன்பது வயதில் மைக்கைப் பார்த்து வயிறெரிகிற பெண்பிள்ளை வேறு எங்காவது இருப்பாளா. தஞ்சாவூரில் அந்த மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் மங்கை இணைப் பேராசிரியர். மேடையில் நிற்பவள் ஸ்வீடனில் பேராசிரியர். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் இருவரும் சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே கைடிடம், ஒரே பெஞ்சில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பிஎச்.டி. செய்தவர்கள். பதினோரு மணிக்கு ஜெசிந்தாவின் சிறப்புரை, நாற்பது நிமிஷம். அப்புறம் கேள்வி பதில். கடைசியில் நன்றியுரை, டாக்டர் மங்கையர்க்கரசி. பக்கத்து நாற்காலியிலிருந்து முதல்வர் வைத்தீஸ்வரன் சாய்ந்து, “உங்க கிளாஸ்மேட்டாமே மேடம்? சொல்லவே இல்லியே,” என்று காதோரம் கேட்டார். “ஆமா சார்.” “நீங்களும் இதே சப்ஜெக்ட்தானா?” “இதேதான் சார்.” “அடடே,” என்றார் வைத்தீஸ்வரன். அந்த அடடேயில் ஒன்றுமில்லை, நல்ல மனுஷர், சும்மா சொல்வதுதான். ஆனால் அது ஊக்கு கழன்றுகொண்ட மாதிரி எங்கோ உள்ளே குத்தி நின்றுவிட்டது.

ஜெசிந்தா இங்கிலீஷில் ஆரம்பித்தாள். தூத்துக்குடி இங்கிலீஷ், இத்தனை வருஷத்து ஸ்வீடன் அதில் ஒரு சுருக்கத்தைக்கூட நீவியிருக்கவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. மாறியிருந்தால் பீற்றல் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ரத்தத்திலிருந்து செல்களை எல்லாம் எடுத்துவிட்டால் மஞ்சளாக ஒரு நீர் மிஞ்சும், அதில் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் வாயில் நுழையாது, ஓரோசோமுக்காய்டு, என்றாள், பிள்ளைகள் சிரித்தார்கள். கல்லீரல் அதைச் செய்து அனுப்புகிறது. நாம் விழுங்குகிற மருந்துகளில் பலவற்றைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு அதுதான் உடம்பெல்லாம் கொண்டுபோகிறது. எங்கேயாவது புண், வீக்கம், கிருமி என்றால் ஓரிரு நாளில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும். கிருமியை எதிர்க்கிற செல்கள் வெறிபிடித்து நம் உடம்பையே கடித்துவிடாமல் கொஞ்சம் அடக்கியும் வைக்கும். அதன்மேல் ஐந்து சர்க்கரைக் கிளைகள், காய்ச்சலின்போது அந்தக் கிளைகளின் வடிவம் மாறும். நாங்கள் கண்டுபிடித்தது என்னவென்றால், என்று சொல்லி ஜெசிந்தா ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். நாங்கள். யார் அந்த நாங்கள்? அந்த நாங்களில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலு பேர், சீனாக்காரன் ஒருவன், இரண்டாவது ஸ்லைடில் பனியில் நின்று பல்லைக் காட்டுகிறார்களே, அவர்களா? காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்போகிற நோயாளிகளில் யாருக்கு அது திரும்பி வரும் என்பதை இந்தக் கிளைகளில் வரும் ஒரு மாற்றம் இரண்டு நாள் முன்னதாகவே காட்டிக்கொடுக்கிறது, என்று ஜெசிந்தா சொன்னபோது மூன்றாவது வரிசையில் முதல் வருஷப் பெண் ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இதே புரதத்தை இதே பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிஷம் நடத்துகிறவள் மங்கை, அட்டவணையோடு, ஐந்து மார்க் கேள்வியாக வரும் என்று அடிக்கோடு போடச் சொல்லி. ஒருத்தியாவது இப்படி நிமிர்ந்ததுண்டா.

காலையில் விருந்தினர் விடுதிக்கு அழைத்துவரப் போனபோது ஜெசிந்தா ஈரத்தலையோடு கதவைத் திறந்தாள். குட்டையாக வெட்டிய முடி, பாதி நரைத்து, சாயம் போடாமல். “ஏய் மங்க! எப்பா, ஒனக்கு முடி இன்னும் இவ்வளவு இருக்கே! எனக்குப் பாரு, எலி கொறிச்ச மாதிரி,” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அதில் கள்ளம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. திருடினவள் என்றால் திருடினவள் மாதிரி இருக்கவேண்டும், கண்ணைப் பார்க்காமல், கொஞ்சம் குரல் தாழ்ந்து. இவளோ இட்லியைச் சாம்பாரில் முக்கித் தின்றுகொண்டே, “கைடு போனது எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும் பாத்துக்க, அழுதேன்,” என்கிறாள். கைடு கோதண்டபாணி சார். அவருக்கு அவள் ‘ஜெஸி’. மங்கையை மட்டும் கடைசிவரை ‘மிஸ் மங்கையர்க்கரசி’ என்று முழுநீளத்துக்குக் கூப்பிட்டார், ஏதோ வங்கி வரிசையில் டோக்கன் போட்டுக் கூப்பிடுகிற மாதிரி. மங்கையின் மடியில் இப்போது இருக்கிற கைப்பைக்குள் அந்தக் காலத்து ஆய்வு நோட்டு இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி, தும்மித் தும்மி, அவளே எடுத்தாள். “எதுக்கு இப்ப?” என்றார் வீட்டுக்காரர் குமரகுருபரன். “சும்மாத்தான்.” அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கதை. மின்சார ரயிலில், பழவந்தாங்கல் தாண்டினதும், ஜன்னலோரம் உட்கார்ந்து மங்கை சொன்னாள்: ஜெஸி, ஜெல்லில் கீழே லேசா ஒரு ரெண்டாவது கோடு வருதே, அது பிழை இல்லேன்னு தோணுது. அதைக் கேட்டுக்கொண்டு போன ஜெசிந்தா பின்னால் அதையே வைத்து வெளிநாடு போனாள், பெயரெடுத்தாள், பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். இவ்வளவுதான் கதை. சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட கதை, எங்கே தொட்டாலும் கை வழுக்கும்.

கேள்வி நேரத்தில் எழுந்து நிற்கவேண்டும், அவ்வளவுதானே. எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்தாகிவிட்டது, குளிக்கும்போது, ஸ்கூட்டரில், ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய்களுக்கு எண் எழுதும்போது. புரொஃபசர் ஜெசிந்தா, அருமையான உரை, ஒரே ஒரு சந்தேகம், இந்த இரண்டாவது கோட்டை முதன்முதலில் பார்த்தது யார்? அதோடு நிறுத்திவிடவேண்டும். நோட்டை உயர்த்திக்கூடக் காட்டவேண்டாம், மடியில் வைத்திருந்தால் போதும், ஜெசிந்தாவே அந்த நீல அட்டையை அடையாளம் கண்டுகொள்வாள், அப்போது அந்த முகம் என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும். குரல் நடுங்கினால்? நடுங்கும். வைத்தீஸ்வரன் திரும்பிப் பார்ப்பார். பிள்ளைகள் செல்போனைத் தூக்குவார்கள். மங்கை மேடம் பொறாமையில் பேசுது என்பார்கள். பேசுது என்பார்கள், பேசுறாங்க என்றுகூடச் சொல்லமாட்டார்கள். இப்போது என் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கும், பொறாமைக்கு ஏறுமா அது, இருபத்து நான்கு வருஷ வீக்கத்துக்குக் கல்லீரல் என்ன செய்து அனுப்பும் என்று எண்ணம் ஓடியது. சே, இதென்ன பைத்தியக்கார யோசனை. ஜெசிந்தாவின் புடவை கஞ்சி போட்ட சாதாரண நூல்புடவை. நான் எதற்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்தேன்?

“இதுதான் முதல் ஜெல்,” என்றாள் ஜெசிந்தா. திரையில் கறுப்பு வெள்ளையில் பழைய படம் ஒன்று விரிந்தது, புரதங்களை மின்சாரத்தால் கோடுகளாகப் பிரிக்கிற கூழ்த்தகட்டின் படம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பட்டை, ஒவ்வொரு பட்டையிலும் அழுத்தமாக ஒரு கோடு. மூன்று நோயாளிகளுக்கு மட்டும் அதன் கீழே நிழல் போல இன்னொன்று, கிளை மாறின புரதத்தின் கோடு. அந்த ஜெல்லை ஊற்றியது மங்கை. மின்சாரம் விட்டு நாலு மணி நேரம் காத்திருந்தது அவள், நீலச் சாயம் அவள் நகக்கண்ணில் ஒரு வாரம் இருந்தது. இதன் இன்னொரு பிரதி நோட்டில் ஒட்டியிருக்கிறது. கையை உள்ளே விட்டு, பை ஜிப் சத்தம் போடாமல், நோட்டை வெளியே எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து எடுத்தபோது தேதியை மட்டும்தான் பார்த்தாள், தேதி அவள் கையெழுத்தில் இருந்தது, அது போதுமென்று மூடிவிட்டாள். இப்போது பக்கத்தைப் புரட்டினதும் காய்ந்துபோன பசை விட்டுக்கொடுத்தது, படம் நழுவி மடியில் விழுந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் எழுத்து இருந்தது. சிவப்பு மையில், இங்கிலீஷில், மங்கையின் கையெழுத்து: 17, 22, 31, ஜெல் பழுது, கணக்கில் சேர்க்கவேண்டாம். அதன் கீழே பென்சிலில் தமிழ். கைடு படிக்கக்கூடாத விஷயங்களை இருவரும் பென்சிலில் தமிழில் எழுதிக்கொள்வார்கள். சாய்ந்த எழுத்து, ஜெசிந்தாவுடையது. ‘வார்டுல போய்க் கேட்டேன். மூணு பேருக்கும் காய்ச்சல் திரும்ப வந்திருக்கு. பழுதுன்னா எப்படி ஆளப் பாத்து வரும்? பேசலாமா மங்க?’ மங்கை அதை ஒரு தடவை படித்தாள். எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்தாள். அப்புறம் படத்தை எடுத்து அந்த இடத்தின்மேல் வைத்து மறைத்தாள், வைத்தீஸ்வரன் பார்த்துவிடுவார் என்று. வைத்த உடனே தெரிந்தது, இது இரண்டாவது தடவை. முதல் தடவை பசை போட்டு ஒட்டினதும் இதே கைதான். பசை டப்பாவின் ஆரஞ்சு மூடி, அதன் புளித்த வாசனை, விரல் நுனியில் காய்ந்த தோலை உரித்தது, எல்லாம் வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தது இதெல்லாம்?

பழவந்தாங்கல் தாண்டினதும். ஆமாம், பழவந்தாங்கல்தான், அது மட்டும் பொய்யில்லை. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது ஜெசிந்தா. மங்கை எதிரே, மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு, கூட்டத்தில் ஓரம் மடங்கிவிடக்கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்தபடி. “நான் எழுதினதப் பாத்தியா?” என்றாள் ஜெசிந்தா. “பாத்தேன்.” “பழுதில்ல மங்க அது. நீ ஊத்துன ஜெல்லு, நீ ஊத்துனா பழுது வராது, ஒன் கையி எனக்குத் தெரியும்.” அப்படித்தான் சொன்னாள், ஒன் கையி எனக்குத் தெரியும் என்று. அதற்கு மங்கை என்ன சொன்னாள்? வேறு எதையாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று அரங்கத்தின் குளிரில் உட்கார்ந்துகொண்டு அவள் தேடினாள், பைக்குள் சாவியைத் தேடுகிற மாதிரி, கைக்கு எதெதுவோ தட்டுப்பட்டது, அது கிடைக்கவில்லை. கிடைத்தது இதுதான்: “கல்யாணத்துக்கு நாப்பது நாள்தான் இருக்கு ஜெஸி. அந்த மூணத் தள்ளிட்டா கிராஃப் நேரா வரும்னு சார் சொல்லிட்டார். தீசிஸ முடிச்சுட்டுப் போயிடறேன். நீ கிளறாத.” பரங்கிமலையில் கூட்டம் ஏறியது, ஒரு அம்மாள் முருங்கைக்கீரைக் கட்டோடு இருவருக்கும் நடுவில் நின்றாள். அந்தக் கீரைக்கு மேலாக எட்டிப் பார்த்து மங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள், “ஒனக்கு வேணும்னா நீ வெச்சுக்கோ.” ரிப்பன் ஒன்றைக் கொடுக்கிற மாதிரி. மிஞ்சின பட்டாணியைக் கொடுக்கிற மாதிரி. வேணும்னா நீ வெச்சுக்கோ. ஜெசிந்தா வைத்துக்கொண்டாள். குமரகுருபரன் பாவம், இருபத்து நான்கு வருஷமாக அந்தத் திருட்டுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பொறாமை போய்விடும் என்றுதான் நினைப்போம், இந்த மாதிரி ஒன்று தெரிந்தபிறகு. போகவில்லை. இன்னும் நெஞ்சுக்குழி வரைக்கும் ஏறி வந்தது. திருட்டு என்றவரைக்கும் பாதியாவது தன்னுடையது என்றிருந்தது, எடுத்துக்கொண்டாள் என்று திட்டவாவது ஒரு ஆள் இருந்தது. இப்போது மேடையில் நிற்கிறவளிடம் இருப்பது முழுக்க அவளுடையது. அந்த நிழலைப் பார்த்த கண் இரண்டு பேருக்கும் இருந்தது, வார்டுக்கு நடந்துபோய்க் கேட்ட கால் அவளுக்குத்தான் இருந்தது. மங்கைக்கு இப்போது அந்தக் காலின்மேல் பொறாமையாக இருந்தது. இரண்டு மாடி ஏறி, தலைமை நர்ஸிடம் திட்டு வாங்கி, மூன்று பேருடைய சார்ட்டைப் புரட்டிவிட்டு வந்திருக்கிறாளே. நான் ஏன் போகவில்லை, பத்திரிகைக் கட்டுதான் காரணமா, கல்யாணம் ஆனவர்களெல்லாம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்களா என்ன, சும்மா அதன்மேல் பழியைப் போடாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். திரையில் இப்போது பெரிய வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாயிரத்துச் சொச்சம் நோயாளிகள், ஆறு நாடுகள். கண் தானாக அடியில் இருந்த பொடி எழுத்துக்குப் போனது. பத்தொன்பது வருஷம் பரிசோதனை முடிவுகளில் கையெழுத்துப் போட்ட கண், அது முதலில் அடிக்குறிப்பைத்தான் தேடும். கர்ப்பிணிகளும் பிரசவமானவர்களும் சேர்க்கப்படவில்லை. மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். சேர்க்கவில்லையா? பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இந்தப் புரதமே குறைந்துதானே போகும். போன ஐப்பசியில் பாபநாசத்துப் பெண், பெயர் பூங்குழலி, இருபத்திரண்டு வயது, பிரசவமாகி மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் விட்டுவிட்டது. அவள் ரத்தம் மங்கையின் மேஜைக்குத்தான் வந்தது. இந்தப் புரதத்தோடு சேர்த்து எல்லா எண்களும் அளவோடு இருந்தன, மங்கை கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிள்ளை மட்டும் பிழைத்தது. அளவோடு என்றால் யாருடைய அளவோடு? குறைந்து கிடக்கவேண்டிய ஒன்று ஏறி வந்து மற்றவர்களுடைய அளவில் நின்றிருந்தால் அது ஏற்றமில்லாமல் என்ன? ஆறு மாதமாக இந்த ஒரு வாக்கியத்தை அவள் முழுசாக யோசித்து முடிக்காமல் ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்தது. “கேள்விகள் இருந்தால் கேட்கலாம்,” என்று அறிவித்தார்கள். ஸ்வீடனில் படிக்க உதவித்தொகை கிடைக்குமா என்று ஒரு பையன் கேட்டான், ஜெசிந்தா பொறுமையாகச் சொன்னாள். அப்புறம் யாரும் எழவில்லை. வைத்தீஸ்வரன், “மேடம், நீங்கதான் ஏதாவது கேளுங்களேன், நல்லா இருக்கும்,” என்று முணுமுணுத்தார். மங்கை எழுந்தாள். புரொஃபசர் ஜெசிந்தா, அருமையான உரை, ஒரே ஒரு சந்தேகம் என்பது வரைக்கும் நாக்கின் நுனியில் இங்கிலீஷில் தயாராக இருந்தது. மைக்கை யாரோ கையில் திணித்தார்கள். அது கீச்சென்று கத்தியது. அவள் அதை லட்சியம் செய்யவில்லை.

“ஜெஸி, நீ ஏன் பிரசவக்காரங்கள சேர்க்கல?” என்றாள், தமிழில்.

அரங்கம் திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள். “அவங்களுக்கு லெவலே இறங்கிக் கெடக்கும்லா மங்க. மத்தவங்களோட வெச்சா கணக்கு கொழம்பும். அதான் தள்ளிட்டோம்.”

“தள்ளிட்டா கிராஃப் நேரா வரும்,” என்றாள் மங்கை. குரல் நடுங்கியது, நடுங்கட்டும். “அவங்களுக்கும் காய்ச்சல் திரும்பி வருது ஜெஸி. எனக்குத் தெரியும். எங்க வார்டுல வருஷத்துக்கு நாலாயிரம் பிரசவம். அவங்களுக்கு ரெண்டாவது கோடு விழுமா? இல்ல, வேற எடத்துல விழுமா? நீ அளவோடதான் இருக்குன்னு சொல்றவ செத்துப்போனா அது எந்த அளவு?”

ஜெசிந்தா திரையைத் திரும்பிப் பார்த்தாள். தன்னுடைய அடிக்குறிப்பைத் தானே முதல் தடவை படிக்கிறவள் மாதிரி அதன்முன் நின்றாள். “தெரியாது,” என்றாள். பிறகு, “நான் யோசிக்கவே இல்ல மங்க. நெசமாவே யோசிக்கல.” அந்த முகம் மாறியது. இத்தனை ஒத்திகையிலும் மங்கை பார்க்க ஆசைப்பட்ட மாற்றம் இல்லை அது. பசித்தவளுக்குத் தாளித்த வாசனை வந்த மாதிரி ஒரு பரபரப்பு, ஆய்வுக்கூடத்தில் பெஞ்சுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த அதே பரபரப்பு. ஜெசிந்தா மேஜைமேல் கிடந்த நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப்போட்டு, பேனாவைத் திறந்து, குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

மங்கை அந்தப் பேனாவைப் பார்த்தாள். யோசிப்பதற்கு முன்னால் வாய் திறந்துவிட்டது.

“ஏய், எழுதாத!”

ஒலிபெருக்கியில் அது அரங்கம் முழுக்க மோதித் திரும்பியது. வைத்தீஸ்வரன் நாற்காலியில் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார்.

“அத எழுதிக்காத ஜெஸி,” என்றாள் மங்கை. “அத நான் செய்யப்போறேன்.”

பிறகு பிள்ளைகள் பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார்கள், சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவிக்கொண்டு வந்தது. மூன்றாவது வரிசையில் அந்த முதல் வருஷப் பெண் மங்கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கை அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் ஜெசிந்தாவின் விரல்களிடையே இருந்த பேனாவிலேயே இருந்தது, அது மூடப்படும்வரைக்கும்.

“அப்ப சீக்கிரம் செய்யி,” என்றாள் ஜெசிந்தா. அவள் சிரிக்கவில்லை. “ரெண்டு வருஷம் பாப்பேன். அதுக்குள்ள ஒன்னும் வரலன்னா நானே செஞ்சிருவேன், சொல்லிட்டேன்.”

“ஒரு வருஷம் போதும்,” என்றாள் மங்கை.